தவக்காலத் தியானமும் 51ஆம் சங்கீதமும்: ஒரு சமூகவியல் நோக்கு

கிறித்தவ மரபிலே தவக்காலத் தியானத்துக்கு இசை எவ்வாறு துணைநின்றது என்பதை, பாவமன்னிப்புச் சங்கீதங்கள் எனப்படும் ஏழனுள் தலையாயதான 51ஆம் சங்கீதத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இசை ஒரு பாடலைத் தியானமாக்குவது அதன் இனிமையால் மட்டுமன்று. பாடுவோர் யார், கேட்போர் யார் என்னும் உறவும் அத்தியானத்தின் தன்மையை நிர்ணயிக்கின்றது.

தாவீது அரசனின் பெயரால் வழங்கும் இச்சங்கீதம் ஒரு தனிமனிதனின் குற்றவுணர்விலே தொடங்கி, எருசலேமின் மதில்கள் கட்டப்பட வேண்டும் என்ற வேண்டுதலோடு முடிகின்றது. இறுதி இரு வசனங்களும் பிற்காலத்தில், நகரம் அழிந்திருந்த சூழலில், சேர்க்கப்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தனிமனிதக் கழிவிரக்கம் சிதைந்த சமூகமொன்றின் குரலாகியுள்ளது. எபிரேயச் செய்யுள் ஒரே கருத்தை இரு கூறாகச் சொல்லும் இயல்பினது. துறவிமடங்களில் வளர்ந்த ஓதுமுறை அவ்விரு கூறுகளுக்குமிடையே சிறு மௌனம் விடுகின்றது. தியானத்துக்கான இடம் அம்மௌனமே.

திருச்சபைத் தலைமையின் சீர்கேட்டைக் கண்டித்த துறவி சவனரோலா, 1498 இல் புளோரன்ஸ் நகரில் மரணதண்டனையை எதிர்நோக்கியிருந்தபோது, சிறையிலே இச்சங்கீதத்துக்குத் தியானவுரை எழுதினார். பலகுரலிசையின் ஆடம்பரத்தை வெறுத்தவர் அவர். ஆயினும், அவர்பால் ஈடுபாடு கொண்டிருந்த பெராராப் பிரபு முதலாம் எர்க்கோலேயின் அவையிலே, 1503-1504 அளவில், ஜொஸ்கன் இச்சங்கீதத்தை ஐந்து குரல்களுக்கு அமைத்தார். இரக்கம் வேண்டும் முதலடி ஒரு குரலில் மீண்டும் மீண்டும் ஒலித்து, சுரம் சுரமாக இறங்கி, ஏறி, மறுபடியும் இறங்குகின்றது. சவனரோலாவின் உரையின் செல்வாக்கை இவ்வமைப்பிலே ஆய்வாளர் காண்பர். கைதியின் சிந்தனை அரசவை இசையாயிற்று.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அல்லெக்ரி அமைத்த வடிவம், வத்திக்கானின் சிஸ்டைன் ஆலயத்திலே, பெரிய வாரத்தில் மெழுகுதிரிகள் ஒவ்வொன்றாக அணைக்கப்படும் வழிபாட்டிற் பாடப்பட்டது. பாப்பரசரின் பாடகர் குழு அதனைத் தன் உடைமையெனப் பேணிற்று. 1770 இல் 14 வயதினரான மொசார்ட் அதனைக் கேட்டு நினைவிலிருந்து எழுதியமையை அவர் தந்தையின் கடிதம் கூறும். 1771 இல் சாள்ஸ் பேர்ணி இலண்டனில் அதனை அச்சேற்றினார். இங்கு மக்கள் கேட்போர் மாத்திரமே.

மறுபுறத்தில், 1562 இல் முழுமைபெற்ற ஜெனீவாச் சங்கீதநூல் 150 சங்கீதங்களையும் பிரெஞ்சுச் செய்யுளாக்கி, சபையார் அனைவரும் ஒருமித்துப் பாடத்தக்க மெட்டுக்களிலே தந்தது. பிரான்சில் ஒடுக்கப்பட்ட புரட்டஸ்தாந்தருக்கு அவை ஒற்றுமைக் குரலாயின. ஆனால் அதே மெட்டுக்களைப் பாடிய ஒல்லாந்தர், இலங்கையில் ஆட்சியாளராகியபோது கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். அத்தடைக் காலத்தில், 1705 இல் இங்கு வந்த கோவாக் குருவாகிய யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். அவரது வியாகுலப் பிரசங்கம் வடபுலத்துக் கத்தோலிக்க ஊர்களிலே தவக்காலத்தில் இராகத்தோடு ஓதப்படும் மரபாக நிலைத்தது.

எனவே, மக்கள் இசை என்றும் மேலோர் இசை என்றும் மெட்டுக்களை நிரந்தரமாகப் பிரித்துவிட முடியாது. ஒடுக்கப்பட்டோரின் பாடல் ஒடுக்குவோரின் பாடலாகவும் மாறலாம். தனிமனிதத் துயரிலே தொடங்கிய 51ஆம் சங்கீதம் இடிந்த மதிலை நோக்கி நகர்ந்து முடிகின்றது என்பதை மறந்து, அதன் முற்பகுதியை மாத்திரம் இசையின்பமாகக் கேட்பது அரைத் தியானமே எனலாம்.