எருமைகள் வெளியேறிய பின் பரத்பூரில் நடந்தது

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பறவைகள் காப்பிடம். அதன் நீர்நிலைகள் தாமாக உண்டானவை அல்ல. பள்ளமான நிலத்தில் கரைகள் எழுப்பி, கால்வாயில் தண்ணீர் திருப்பி, மன்னர்கள் வாத்து வேட்டைக்காக அமைத்தவை. சுற்றுக் கிராமங்களின் எருமைகள் தலைமுறைகளாக அங்கேதான் மேய்ந்துவந்தன.

தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேயக் கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி 1982 நவம்பரில் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தினர் மீது போலீசார் துப்பாக்கியால் சுட்டதில் சிலர் இறந்தனர். எருமைகளால் பறவைகளுக்குக் கேடு என்பது அன்றைய பாதுகாப்பாளர்களின் உறுதியான நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்த்த தரவுதான் இல்லை.

இத்தனைக்கும் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு 1980லேயே அங்கு தொடங்கியிருந்தது. வி. எஸ். விஜயன் தலைமையிலான குழு தண்ணீர், தாவரம், மீன், பறவை எல்லாவற்றையும் ஒருசேரக் கவனித்தது. தடைக்கு முன்னும் பின்னும் பதிவுகள் இருந்ததால், எது மாறியது என்பதோடு ஏன் மாறியது என்பதும் பிடிபட்டது.

எருமை மேய்ச்சல் நின்றதும் பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் மண்டியது. தண்ணீரின் மேல் பாய் விரித்ததுபோல் படர்ந்து திறந்த நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்கு நீந்த இடம் குறைந்தது. மீனும், மீனை நம்பிய பறவைகளும் குறைந்தன. சேற்றைக் கிளறிக் கிழங்கு தின்னும் சைபீரியக் கொக்குக்கு அடர்ந்த புல் பெருந்தடை. புல்டோசர் இறக்கியும் புல்லை முழுதாக அகற்ற முடியவில்லை. எருமைகள் காசு வாங்காமல் செய்துவந்த வேலை அது! மேய்ச்சல் ஓரளவு வேண்டும் என்றே ஆய்வு முடிவு சொன்னது. சட்டத்தில் அதற்கு வழியில்லாததால், கிராமத்தினர் புல் அறுத்துக்கொள்ள அனுமதி தரப்பட்டது. சைபீரியக் கொக்குகள் 2002க்குப் பின் வரவில்லை. வலசைப் பாதையில் நடந்த வேட்டை உள்ளிட்ட வேறு காரணங்களும் அதற்கு உண்டு. பழியைப் புல்மீது மட்டும் போட முடியாது.

தமிழகத்திலும் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு சுருக்கிக்கொண்டது. தடையின் விளைவு பரத்பூரில் போலவே பிடிபட வேண்டுமானால், அந்த இடங்களில் புல்லையும் களையையும் மான்களையும் வனத்துறை ஆண்டுதோறும் கணக்கெடுத்து, அந்தக் கணக்கை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.