பள்ளிக்கும் வீட்டுக்கும் தூதுவன் யார்?

மும்பை தாராவியில், தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருக்கும் இட்லி வியாபாரி ஒருவர், மகனின் பள்ளியிலிருந்து வந்த மூன்று கடிதங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூன்றும் ஆங்கிலத்தில் இருந்தன. ஒன்று பரீட்சைக் கட்டணத்துக்கு என்றும், ஒன்று சுற்றுலாவுக்கு என்றும், இன்னொன்று எல்லாப் பிள்ளைகளிடமும் சும்மா வாங்குவது என்றும் மகன் படித்துச் சொன்னான். தகப்பனார் தமிழில் அழகாகக் கையொப்பமிட்டார். மூன்றிலும் இருந்தது ஒரே செய்திதான்: பையன் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை, பெற்றோர் நேரில் வரவும்.

நாலாவது கடிதம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணின் கண்ணில் பட்ட பிறகே விஷயம் வெளியாயிற்று. அதற்குள் முதல் பருவத் தேர்வு முடிந்து தீபாவளி விடுமுறையும் வந்துவிட்டது.

தகப்பனாரைக் குறை சொல்வதற்கில்லை. விடியற்காலை நாலு மணிக்கு இட்லிப் பாத்திரத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர் விற்று முடித்துத் திரும்பப் பதினொரு மணியாகும். தாயாருக்கு மாலை முதல் இரவு வரை மாவரைக்கும் வேலை. இருவருக்கும் கடைத்தெரு இந்தி வரும். ஆங்கில எழுத்து தெரியாது. கடிதத்தைப் படிக்க வீட்டில் இருந்த ஒரே ஆள், கடிதம் யாரைப் பற்றியதோ அவனேதான். புகாருக்கு ஆளானவனே தபால்காரனாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் இருந்தால் சேதி எப்படி வந்து சேரும்?

பையன் போக்கிரியும் அல்ல. ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். எட்டாம் வகுப்புக்கு ஆங்கில வழிப் பள்ளிக்குப் போனான். அங்கே பாடம் ஆங்கிலத்தில், பேச்செல்லாம் இந்தியில். ஒரு நாள் கரும்பலகையில் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, எப்படிப் போட்டாய் என்று கேட்டதற்கு விளக்கத் தெரியாமல் விழித்தான். வகுப்பு சிரித்தது. அதன் பிறகு பையோடு வீட்டை விட்டுக் கிளம்பி மாஹிம் ஸ்டேஷன் பக்கம் பொழுதைப் போக்கிவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்கு வீடு திரும்ப ஆரம்பித்தான்.

இது ஒரு வீட்டுக் கதையாக நின்றுவிடுவதில்லை. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. ஆனால் தமிழ் வழியில் உயர்நிலை வகுப்புகள் உள்ள இடங்கள் மிகக் குறைவு. தொடக்கப் பள்ளி முடித்த பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ தாவுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படித் தாவும் ஆண்டில்தான் ஆசிரியரும் பெற்றோரும் அதிகமாகப் பேசிக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டில்தான் பேச்சு அறவே நின்றுபோகிறது.

பழைய ஆசிரியரிடமிருந்து புதிய ஆசிரியருக்குப் போவது ஒரே ஒரு காகிதம். ஊரில் டி.சி. என்பார்கள், இங்கே எல்.சி. அதில் பெயர், சாதி, பிறந்த தேதி, நடத்தை எல்லாம் உண்டு. பையனுக்குக் கணக்கு நன்றாக வரும், தமிழில் கேட்டால் சொல்லுவான், கூச்ச சுபாவம் என்று எழுத அதில் இடமில்லை. இதைத் தெரிந்த ஆசிரியை அரை மைல் தொலைவில் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் தாமாகச் சொல்லவில்லை. மருத்துவமனை மாறும் நோயாளிக்குக்கூட டாக்டர்கள் ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்து கிராமத்தில் இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை. வாத்தியாரைத் தகப்பனார் டீக்கடையிலாவது கோயில் கொடையிலாவது பார்த்துவிடுவார். "உன் மவன் ரெண்டு நாளா வரலையே" என்ற ஒரு வார்த்தையில் காரியம் முடிந்துவிடும். மும்பையிலோ பல ஆசிரியர்கள் கல்யாண், டோம்பிவலி என்று தொலைவிலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள். மணி அடித்ததும் ரயிலைப் பிடிக்க ஓடியாக வேண்டும்.

கொடை என்றதும் இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். மகாராஷ்டிரத்தில் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கின்றன. ஆடிக் கொடைக்கு என்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ரயிலேறி, இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்புகிற குடும்பங்கள் தாராவியில் உண்டு. பள்ளிக்கு ஒரு வரி எழுதிக் கொடுப்பதில்லை. பிள்ளை வந்து உட்காரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். டிக்கெட்டை 2 மாதம் முன்பே பதிவு செய்கிறவர்களுக்கு லீவு லெட்டர் கொடுக்க மட்டும் நேரமில்லாமற் போவது வியப்புத்தான்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பெற்றோரை முறையாகக் கூட்டிப் பேசி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக 24ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. அரசு, மாநகராட்சி, உதவி பெறும் பள்ளிகளில் நிர்வாகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். மாவரைக்கும் தாயாருக்கும் அதில் நாற்காலி உண்டு என்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

அதே சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக்கூடாது என்றும் சொன்னது. 2019 திருத்தத்துக்குப் பிறகுதான், 5, 8 வகுப்புகளில் தேர்வு வைத்து, மறுதேர்விலும் தேறாதவர்களை நிறுத்தலாம் என்று மாநிலங்களுக்கு அனுமதி கிடைத்தது. 'பாஸ்' என்ற சொல்லைக் கேட்டே திருப்திப்பட்டுவந்த பெற்றோருக்கு, அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எடுத்துச் சொன்ன ஆசிரியர்கள் குறைவு.

ஆசிரியர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றுக்கும் அவர்களை அழைக்கச் சட்டமே இடம் தருகிறது. பதிவேடுகளுக்குக் கணக்கில்லை. சனிக்கிழமை காலையில் பாலக் சபா என்று பெற்றோரைக் கூப்பிட்டால், அறுபது பேரில் பத்துப் பேர் வந்தால் பெரிது. வராதவர்களுக்கு அக்கறையில்லை என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் ஒரு நாள் வியாபாரத்தை விட்டால் அன்றைக்கு அடுப்பு எரிவது எப்படி? போதாக்குறைக்கு, பள்ளியிலிருந்து கூப்பிட்டாலே திட்டுவதற்குத்தான் என்ற பயம். நல்லதைச் சொல்லக் கூப்பிட்ட வழக்கம் இருந்தால் அந்தப் பயம் வராது.

பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவருவதால், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியைகள் புதிய சேர்க்கைக்காகச் சந்து சந்தாக நடக்கிறார்கள். "பிள்ளையை நம்ம பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கம்மா" என்று வாசலில் நின்று கேட்கிறார்கள். சேர்க்க வந்த அதே கால்கள் பிள்ளை நின்றுபோகும்போதும் அந்த வாசலுக்கு வரலாமே.

இப்போது வாட்ஸ்அப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2020 ஊரடங்கில் போனே வகுப்பறையாகிப் பிள்ளைகள் கைக்கு வந்தது. பல வீடுகளில் இன்னும் அங்கேயே இருக்கிறது. பள்ளி அனுப்பும் செய்தியை முதலில் பார்ப்பவன் பையன், அழிப்பவனும் பையன். ஓர் ஆசிரியை இதற்கு ஒரு வழி கண்டார். மாவு அரைக்கும் நேரம் பார்த்துத் தாய்மாருக்குக் குரல் செய்தி அனுப்புகிறார், தமிழில், அரை நிமிடம். முதலில் பிள்ளை செய்த நல்ல காரியம் ஒன்று, பிறகுதான் குறை. எழுதப் படிக்கத் தெரியாத தாயாரும் கேட்டுவிட்டுத் தம் குரலிலேயே பதில் சொல்லுகிறார்: "சரி டீச்சர், நான் பாத்துக்கிடுதேன்."

அந்த ஆசிரியைதான் இட்லி வியாபாரி மகனின் பழைய வகுப்பாசிரியை. விஷயம் காதுக்கு எட்டியதும், தீபாவளி விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை தகப்பனாரை அழைத்துக்கொண்டு புதிய பள்ளிக்குப் போனார். கணக்கு ஆசிரியரும் அவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பையனை முன் பெஞ்சுக்கு மாற்றினார்கள். விடையை முதலில் எழுதிக் காட்டட்டும், விளக்கம் மெல்ல வரட்டும் என்று முடிவாயிற்று. வீட்டுக்குப் போகும் கடிதத்தின் அடியில் பழைய ஆசிரியை தமிழில் இரண்டு வரி எழுதித் தருவது என்றும் ஏற்பாடு.

பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான். ஆங்கிலம் இன்னும் தகராறுதான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நாள் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வியாபாரம் முடிந்து வரும் வழியில், பள்ளி வாசலில் காலிப் பாத்திரத்தோடு சைக்கிளைச் சாத்திவிட்டுத் தகப்பனார் உள்ளே போகிறார். மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.