பனிக்கும் ஒரு வாசல் வேண்டும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டபோது, கவிதையெல்லாம் எனக்கு வராது என்றேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுதுப்பா" என்றார்கள். எனக்குத் தெரிந்தது ரெண்டே விஷயம். ஒன்று, இரண்டு வருடமாகப் படிக்கும் மெக்கானிக்கல். இன்னொன்று, கேத்தி பள்ளத்தாக்கில் எங்கள் வீட்டுக்குக் கீழே சரிவில் இருக்கும் ஒன்றரை சென்ட் தோட்டம். போன வருஷம் இந்த ரெண்டும் மோதிக்கொண்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பாவும் அம்மாவும் கேரட் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒன்றரை சென்ட்டில் அம்மா முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் போடுவார். கீழ்க்கோடியில் நாலு வரிசை ஸ்ட்ராபெர்ரி. அதை விற்கும் காசுதான் என் பரீட்சை ஃபீஸ்.

மாசி, பங்குனியின் குணம்

சமவெளி நண்பர்களுக்கு மாசி முடிந்தால் வெயில் காலம். மலையில் அப்படிச் சொல்ல முடியாது. மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்த உறைபனி ஒரு ராத்திரி திரும்பி வரும். அப்புறம் திடீரென்று கோடை மழை, சில நாள் ஆலங்கட்டியோடு. செடி பூவெடுக்கும் நேரமும் இதுதான்.

உறைபனி வானத்திலிருந்து விழுவதில்லை. பகலில் வாங்கிய சூட்டை மண் இரவில் கதிர்வீச்சாக வெளியே விடுகிறது. மேகம் இருந்தால் போர்வை மாதிரி கொஞ்சம் சூட்டைத் திருப்பித் தரும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து, காற்றும் அசையாவிட்டால், தரையும் இலையும் வேகமாகக் குளிர்ந்துவிடும். வானிலை நிலையத்துத் தெர்மாமீட்டர் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் பெட்டிக்குள் இருக்கிறது. அது 2, 3 டிகிரி காட்டும் இரவிலும் தரையோரத்து இலை 0 டிகிரிக்குக் கீழே போகலாம்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இந்த ஒரு வரி எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் செய்த தப்பு

காட்டுப்பன்றி தொல்லைக்காகத் தோட்டத்தின் கீழ்ப்பக்கம் பழைய தகரத்தால் 4 அடி உயரத்துக்கு வேலி அடித்தேன். இடுக்கையெல்லாம் கல்லும் மண்ணும் வைத்து அடைத்தேன். "கீழே கொஞ்சம் திறந்து விடு தம்பி" என்று அம்மா சொன்னார். "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். என்ஜினியர் ஆகப் போகிறவன் அல்லவா!

மாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை பாத்தியெல்லாம் உப்புக் கொட்டிய மாதிரி வெள்ளை. வெயில் ஏறியதும் பீன்ஸ் செடி வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. ஸ்ட்ராபெர்ரி இலைக்கு ஒன்றுமில்லை. பூவின் இதழும் வெள்ளையாகவே இருந்தது. ஆனால் நடுவில் உள்ள மஞ்சள் குமிழ் கறுத்துவிட்டது. அது கறுத்தால் அந்தப் பூ காய்க்காது. பக்கத்து வீட்டு அக்காவின் பாத்தியும் எங்கள் மட்டத்தில்தான் இருக்கிறது. அவருக்குக் கீழே வேலி இல்லை. சேதமும் பாதிகூட இல்லை.

அம்மா திட்டவில்லை. மகளிர் குழுவில் கடன் வாங்கி ஃபீஸ் கட்டினார். "தண்ணிக்கு வழி விடுற மாதிரி பனிக்கும் வழி விடணும்டா" என்றார், அவ்வளவுதான். வகுப்பில் நான் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பாடம் அது. பள்ளிக்கூடமே போகாதவர் சொல்லி எனக்குப் புரிந்தது.

வேலியின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தெர்மாமீட்டர் கட்டிப் பார்த்தேன். விடியற்காலையில் கீழே உள்ளது 3 டிகிரி குறைவாகக் காட்டியது. அன்றைக்கே தகரத்தைக் கழற்றிக் கம்பி வலை கட்டினேன். பன்றி நின்றது, பனி போனது.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு

1. பள்ளமான இடத்தில் முட்டைக்கோஸ், கேரட், பட்டாணி போடுங்கள். அவற்றின் இலை லேசான உறைபனியைத் தாங்கும். பீன்ஸ், தக்காளி, உருளைக்கிழங்கு தாங்காது. அவை மேட்டுக்குப் போகட்டும்.

2. ஈரமண் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். பனி வரும் போலிருந்தால் அன்று பகலிலேயே தண்ணீர் பாய்ச்சுங்கள்.

3. சாயங்காலமே மிலார், வைக்கோல், பழைய சாக்கு ஏதாவது போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் என்றால் இலையில் படாமல் குச்சி நட்டு மூட வேண்டும். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

4. பெரிய தோட்டங்களில் ஸ்பிரிங்ளர் போடுகிறார்கள். 1 கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அது செடியைக் காக்கும். ஆனால் பாதியில் நிறுத்தக் கூடாது. 1 கிராம் ஆவியாகப் போனால் கிட்டத்தட்ட 600 கலோரியை எடுத்துக்கொண்டு போகும். செடி முன்னைவிட மோசமாகும். பனிக்கட்டி உருகும்வரை தண்ணீர் ஓட வேண்டும்.

5. ஸ்ட்ராபெர்ரியை மேட்டுப்பாத்தியில் நடுங்கள். குருத்து மண்ணில் புதையக் கூடாது, அழுகிவிடும். கோடை மழையில் பழம் ஈரமண்ணில் படாதபடி அடியில் வைக்கோல் பரப்புங்கள்.

6. எல்லா விதையையும் ஒரே நாளில் போடாதீர்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று தடவையாகப் போட்டால், ஒன்று பனியில் போனாலும் அடுத்தது நிற்கும்.

இந்த வருஷமும் மாசியில் ஒரு நாள் உறைபனி வந்தது. ஓரத்துப் பீன்ஸ் மட்டும் கருகியது. ஸ்ட்ராபெர்ரி விற்ற காசில் குழுக் கடனின் கடைசித் தவணையை அம்மா கட்டிவிட்டார்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். டிராயிங் ஷீட்டில் கோடு போடும் முன்னால், அந்த மண்ணில் நாற்பது வருஷம் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்போம். கேட்காமல் போனதற்கு எனக்கு ஒரு செமஸ்டர் ஃபீஸ் செலவானது!