ஆகாயத்துக்கு ஓர் அனுமதிச் சீட்டு

நியூயார்க் நகரத்து எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 86-ஆம் மாடியில், திறந்த மேடைக்குக் காலடி எடுத்து வைத்த என்னை முதலில் எதிர்கொண்டது காட்சியன்று, காற்று. கீழே முப்பத்துநான்காம் தெருவில் சாதுவாக இருந்த அதே காற்று, 1,050 அடி உயரத்தில் சட்டையைப் பிடித்து உலுக்கி, 'இங்கே உமக்கு என்ன ஐயா வேலை?' என்று விசாரித்தது. இந்தக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தில் ஆகாயக் கப்பல்களைப் பிணைத்துப் பிரயாணிகளை இறக்கலாமென்று கட்டியவர்கள் போட்ட மனோராஜ்யத்தைக் கலைத்ததும் இந்தக் காற்றுதான்.

102 மாடிகளை 410 நாட்களில் எழுப்பி, 1931 மே 1 அன்று திறந்தபோது, பொருளாதார மந்தத்தால் குடிவர ஆளின்றி, அதன் பெயரையே சிறிது திரித்து 'எம்ப்டி ஸ்டேட்', அதாவது காலிக் கட்டடம், என்று ஜனங்கள் பரிகசித்தார்கள். அந்தச் சங்கடத்தில் கைகொடுத்தவர்கள், வேடிக்கை பார்க்க மேலேறியவர்களே. முதல் வருஷத்தில் அவர்கள் கொடுத்த சுமார் 20 லட்சம் டாலர், வாடகை வரும்படிக்கு ஏறக்குறையச் சமமாயிருந்தது. அறைகள் விலைபோகாத இடத்தில் ஜன்னலுக்கு வெளியே இருந்த வெறும் வெளி விலைபோயிற்று!

என்னை உறுத்துவது இதுதான். இன்று அந்நகரில் வேறு சில உச்சிகளிலும் இந்த வியாபாரம் செழிக்கிறது. ஓரிடத்தில் கண்ணாடித் தரை, சில இடங்களில் சூரியாஸ்தமன வேளைக்குக் கூடுதல் கட்டணம். மின்தூக்கிக்கும் காவலுக்கும் செலவாகாதா என்பார்கள்; ஆகும், மறுக்கவில்லை. ஆனால் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அஸ்தமிக்கிற சூரியனுக்கு மணிக்கணக்கில் விலை வைத்த பிறகு, சீட்டில்லாமல் கிடைக்கிற காட்சியைக் காட்சியென்றே மதிக்கக் கண் மறந்துவிடாதோ என்ற பயம் என்னை விடவில்லை. வரிசையில் எனக்கு முன் நின்றவர், மேலே போய் எதைப் பார்க்கலாமென்று மனைவி கேட்டதற்கு, கொடுத்த தொகையைத்தான் இருமுறை சொன்னார்.

நான் போன நாளில் மேடையோரத்துத் தொலைநோக்கிகள் காசு போட்டால்தான் கண் திறந்தன. ஒரு நாணயத்தைப் போட்டுத் தெற்கே திருப்பினேன். துறைமுகத்தில், ஸ்டேடன் தீவுக்குச் செல்லும் செம்மஞ்சள் நிறப் படகு, 1997 முதல் எவரிடமும் கட்டணம் வாங்காத அந்தப் படகு, சுதந்திர தேவி சிலையின் பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதன் மேல்தளத்தில் யாரோ நின்று நகரத்தைப் பார்ப்பதுபோல் தோன்றவே, நன்றாக உற்றுக் கவனிக்கக் குனிந்தேன். 'டக்'கென்று உள்ளே ஒரு தகடு விழுந்து எல்லாம் இருண்டது.