ரிம் பட்டை உரிந்தால் பழி யார் மீது?

கார் உதிரிச் சரக்கு விற்கும் நமக்குத் திரும்பி வரும் சரக்கே பெரும் தலைவலி. அலாய் வீலின் விளிம்பில் ஒட்டும் ரிம் பட்டை அத்தகைய சரக்குகளில் ஒன்று.

நம்மிடம் கொள்முதல் செய்யும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், சென்ற கோடையில் 12 ரோல்களைத் திருப்பி அனுப்பினார். "பசை நிற்கவில்லை, வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார்" என்றார். நாமும் யோசிக்காமல் தயாரிப்பாளருக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதிவிட்டோம். பிறகு அந்தக் காரை நேரில் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பழைய பட்டையின் பசை திட்டுத் திட்டாக அப்படியே இருந்தது. அதன்மேல் டயர் பாலிஷின் வழுவழுப்பு வேறு. எந்தப் பட்டை அதில் ஒட்டும்? சரக்கில் குற்றமில்லை. சொல்லிக் கொடுக்காமல் விற்றது நம் குற்றம்.

பழைய பட்டையை எடுக்கும் முன் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்ட வேண்டும். பசை இளகியதும் ஒரு முனையிலிருந்து மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் முழுதாக வந்துவிடும். மிச்சப் பசையைக் கட்டை விரலால் உருட்டியும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டியும் எடுக்கலாம். பிளேடு கூடாது. தின்னரும் கூடாது, வீலின் மேற்பூச்சு கெட்டு, அலுமினியத்தில் வெள்ளை அரிப்பு தொடங்கும். கடைசியாக, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து உலர விட வேண்டும்.

வெட்டும் அளவிலும் ஏமாற வேண்டாம். 16 அங்குல வீல் என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம். அந்தக் கணக்கில் சுற்றளவு சுமார் 50 அங்குலம் வரும். வெளி விளிம்பு அதைவிடப் பெரியது. பட்டை 4 அங்குலம் போலக் குறைந்துவிடும். நூல் பிடித்து அளப்பதே சரி.

வெயிலில் கொதிக்கும் வீலில் ஒட்டக் கூடாது. பட்டையை இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கி இணைப்பு வாய் பிளக்கும். இணைப்பை வால்வுக்கு நேராக வைத்தால் அடிக்கடி பார்த்துக்கொள்ள எளிது. இவ்வகைப் பசை முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை வாட்டர் சர்வீஸ் வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்வோம். பட்டை சிராய்ப்பைத்தான் தடுக்கும். விரிசல் விட்ட, வளைந்த வீலை அதனால் மறைத்து விற்க உதவுவது வியாபாரம் ஆகாது. ஓடுவது மனிதர் உயிர்.

அந்த 12 ரோல்களின் நஷ்டத்தை நாமே ஏற்றோம். தயாரிப்பாளருக்கு வருத்தம் தெரிவித்து இன்னொரு கடிதமும் எழுதினோம். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் மேற்கண்ட விவரங்களைத் தமிழில் அச்சடித்து வைக்கிறோம். துண்டுச் சீட்டுக்கு ஆகும் காசு அற்பம். கடையின் பெயர் கெட்டால் அதை எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது.