எதிரணியின் செல்போனில் ஆளுங்கட்சியின் காது

2019 ஏப்ரல் 26 தொடங்கி அக்டோபர் 23 வரை 33 தடவை. க்ஷிஷ்டோஃப் பிரெய்ஸா என்ற போலந்து அரசியல்வாதியின் செல்போனுக்குள் பெகாசஸ் உளவு மென்பொருள் புகுந்த கணக்கு இது. டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் போனில் மிஞ்சியிருந்த தடயங்களிலிருந்து இந்தத் தேதிகளை எடுத்தார்கள். அந்த ஆண்டுக் காலண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் விஷயம் பிடிபட்டுவிடும். மே 26 அன்று போலந்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். அக்டோபர் 13 அன்று அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கே தேர்தல். அதில் பிரதான எதிரணியான குடிமக்கள் கூட்டணியின் பிரசாரத்தை நடத்தியவர் பிரெய்ஸா. வாக்குப்பதிவு முடிந்த பத்தாவது நாளோடு அவருடைய போன்மீது இருந்த அக்கறை தீர்ந்துபோயிருக்கிறது.

பிரசாரப் பொறுப்பாளர் ஒருவரின் போனில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கு சீட், யாருக்கு இல்லை, எந்தத் தொகுதி கைநழுவுகிறது, விளம்பரத்துக்குப் பணம் எங்கே இடிக்கிறது, எந்த இரண்டு தலைவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை, அடுத்த வாரம் ஆளுங்கட்சியை எதைச் சொல்லி மடக்கப்போகிறார்கள் என்று ஒரு கட்சியின் அடிவயிறே அதற்குள் இருக்கும். பழைய ஒட்டுக்கேட்பில் கம்பியில் போகும் பேச்சு மட்டும்தான் சிக்கும். பெகாசஸ் போனுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. வாட்ஸ்அப் செய்தி பூட்டுப்போட்டுப் போனாலும், பூட்டு விழுவதற்கு முன்பே எழுதுகிறவரின் திரையில் அதைப் படித்துவிடலாம். மைக்கைத் திறந்து, போனை மேசைமேல் வைத்துவிட்டு நடக்கும் கூட்டத்தையும் கேட்கலாம். இப்படிப் போனவற்றில் சில வெளிச்சத்துக்கும் வந்தன. பிரெய்ஸாவின் போனிலிருந்து எடுக்கப்பட்ட குறுஞ்செய்திகள், வெட்டி ஒட்டித் திரிக்கப்பட்ட நிலையில், தேர்தல் சூடு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின.

இந்த மென்பொருளை வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. போலந்தின் நீதி அமைச்சகத்தில் குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதற்கென்று ஒரு நிதி உண்டு. 2017-இல் அதிலிருந்து 2.5 கோடி ஸ்லோட்டி ஊழல் தடுப்புப் பணியகத்துக்குப் போனது. அந்தப் பணியகத்துக்கு அரசு பட்ஜெட்டிலிருந்து மட்டுமே பணம் தரலாம் என்று சட்டம் இருந்தும் போனது. தணிக்கைத் துறையின் கண்ணில் பட்டதால்தான் வாங்கிய சங்கதியே வெளியே கசிந்தது. அப்போது ஆண்ட ‘சட்டமும் நீதியும்’ கட்சியின் தலைவர் யாரோஸ்வாஃப் கச்சின்ஸ்கி 2022 ஜனவரியில் மென்பொருள் தங்களிடம் இருப்பதை ஒப்புக்கொண்டார். அது எதிர்க்கட்சிக்கு எதிராக அரசியல் நோக்கத்தில் பயன்பட்டதாகச் சொல்வதை மட்டும் மறுத்தார். பிரெய்ஸாமீது இருந்த சந்தேகம் குற்றவியல் சந்தேகம் என்பது அரசுத் தரப்பின் வாதம். 33 தடவை உள்ளே போய் வந்த பிறகும் அவர்மீது ஒரு குற்றச்சாட்டும் பதிவாகவில்லை.

தேர்தல் காலத்து உளவில் திருடுபோகும் ரகசியத்தைத்தான் நாம் பெரிதாகப் பேசுகிறோம். கேட்கிற காது யாருடையது என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. உளவுத் துறை அரசுக்குக் கட்டுப்பட்டது. தேர்தல் நேரத்தில் அந்த அரசை நடத்துகிறவர்களும் வேட்பாளர்கள்தாம். சாதாரண நாளில் ‘நாட்டின் பாதுகாப்புக்காக’ என்று சொல்லிப் போடுகிற கையெழுத்தை, அந்தச் சில மாதங்களில் போட்டியாளர் ஒருவர் இன்னொரு போட்டியாளரின் பெயருக்கு எதிரே போடுகிறார். அனுமதி முறையாக வாங்கியதாகவே இருக்கட்டும், இந்தக் கோளாறு அதனால் சரியாகிவிடாது. போலந்தில் நீதிமன்ற அனுமதி என்ற படி இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்தக் கருவியைக் கொண்டு கேட்கப்போகிறார்கள் என்பது நீதிபதிகளுக்குத் தெரியாமலே அனுமதிகள் போய்க்கொண்டிருந்தன.

‘சரி, அதனால் முடிவு மாறியதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வசதியான சாட்சி வாட்டர்கேட். 1972 ஜூன் 17 விடிவதற்குமுன் அதிபர் நிக்சனின் பிரசாரத்துக்காக வேலை செய்த ஐந்து பேர் வாஷிங்டனில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் பிடிபட்டார்கள். கதவு பூட்டிக்கொள்ளாமல் இருக்கத் தாழ்ப்பாளில் ஒட்டிய டேப்பைக் காவலாளி பார்த்துவிட்டதால் வந்த வினை. அவர்கள் முன்பே வைத்திருந்த கருவிகளில் கட்சித் தலைவரின் போனில் வைத்தது சரியாக வேலையே செய்யவில்லை. அதே கூட்டம், மஸ்கி என்ற எதிர்க்கட்சிப் பிரமுகரின் தபால் பைகளை ஏற்றிச்சென்ற டாக்சி ஓட்டுநருக்கு மாதம் 1,000 டாலர் கொடுத்து, பையில் இருந்த காகிதங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இத்தனை தில்லுமுல்லும் இல்லாமலே நிக்சன் ஜெயித்திருப்பார். 50 மாநிலங்களில் 49 அவருக்கு விழுந்தன. போலந்தில் கதை வேறு. 460 இடங்கள் கொண்ட அவையில் ஆளுங்கட்சிக்குக் கிடைத்தது 235, பெரும்பான்மைக்குத் தேவை 231. மேலவை கைவிட்டுப் போனது. பெரும்பான்மைக்கு மேலிருந்த இந்த நான்கு இடங்களும் ஒட்டுக்கேட்பால் வந்தவை என்று நிரூபிக்க யாராலும் முடியாது. இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது. ஜெயித்தவரின் வெற்றியிலும் தோற்றவரின் தோல்வியிலும் இந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வாதம் நம் வீட்டுக்குள்ளிருந்தே வரும்: ஒற்றாடல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே, வேண்டாதவர்களை வேவு பார்க்கச் சொல்லியிருக்கிறாரே என்று. சொல்லியிருக்கிறார்தான். ஆனால் அவர் பேசுவது அரசனிடம். அந்த அரசன் ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஓட்டுக் கேட்டு நிற்பவன் அல்ல. அவனுக்கு வேண்டாதவன் நாட்டுக்கும் பகைவன். தேர்தலில் எதிரே நிற்பவரோ அதே நாற்காலிக்கு மனுப் போட்ட இன்னொரு குடிமகன்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. எதிர்க்கட்சிக்காரர் லஞ்சம் வாங்கினால், அந்நிய நாட்டிடம் பணம் வாங்கினால், தேர்தல் முடியும்வரை சும்மா இருக்க வேண்டுமா? இருக்கக் கூடாது. போலந்தில் 2017 முதல் 2022 வரை 578 பேர் பெகாசஸுக்கு இலக்கானதாக, ஆட்சி மாறிய பிறகு நீதி அமைச்சர் ஆடம் போட்னார் கணக்குக் கொடுத்தார். அத்தனை பேரும் அரசியல்வாதிகள் இல்லை, அத்தனையும் அநியாயம் என்றும் சொல்ல முடியாது. யாரை, எதைக் கொண்டு, எந்தச் சந்தேகத்தில் கேட்கப்போகிறார்கள் என்பதை அரசுக்கு வெளியே ஒருவர் முழுதாகத் தெரிந்துகொண்டு அனுமதித்தாரா, வேலை முடிந்தபின் சம்பந்தப்பட்டவருக்குச் சொன்னார்களா என்பவைதான் நியாயத்தைத் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள். 2024 மே 28 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போலந்தின் கண்காணிப்புச் சட்டங்களில் பிழை கண்டதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான். எல்லா ஆட்சியும் செய்வதுதானே என்பதும் ஓரளவு உண்மையே. 1964-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டில், அதிபர் ஜான்சனுக்காக அவருடைய சொந்தக் கட்சி அதிருப்தியாளர்களையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் எஃப்.பி.ஐ. கவனித்து உடனுக்குடன் தகவல் கொடுத்தது. ஆனால் எல்லா ஆட்சியும் செய்கிறது என்றால், கருவியை வாங்கி வைக்கிற கட்சி அதை அடுத்து வருகிறவரின் கையிலும் சேர்த்தே கொடுக்கிறது என்றுதான் பொருள். அதைச் சமாதானமாகச் சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நம் நாட்டில் நீதிபதி என்ற அந்தப் படியே கிடையாது. போனை ஒட்டுக்கேட்க உத்தரவிடுவது உள்துறைச் செயலாளர். அதை மறு ஆய்வு செய்வது செயலாளர்கள் அடங்கிய குழு. 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த பாதுகாப்பு இது. முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை அப்போதே அது ஏற்கவில்லை. தேர்தல் அறிவித்ததும் தேர்தல் ஆணையம் உளவுப் பிரிவுத் தலைவரைக்கூட மாற்றலாம், 2019-இல் ஆந்திரத்தில் மாற்றியது. ஆனால் அந்தப் பிரிவு அன்று யார் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை ஆணையத்துக்குச் சொல்லும் படி இந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை. 2023 தெலங்கானா தேர்தலையொட்டி, மாவோயிஸ்டுகளைக் கண்காணிக்க வைத்திருந்த பிரிவு எதிர்க்கட்சியினரின் போன்களைக் கேட்டதாகவும், ஆளுங்கட்சி தோற்ற கையோடு அங்கிருந்த ஹார்ட் டிஸ்குகள் அழிக்கப்பட்டதாகவும் போலீஸ் வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு நிற்குமா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

ஹார்ட் டிஸ்கை யாரும் அவசரமாக அழிக்காவிட்டாலும், தேவை முடிந்த ஒட்டுக்கேட்புப் பதிவேடுகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழித்துவிட வேண்டும் என்பது நம் விதி. பேசியவரின் அந்தரங்கத்தைக் காப்பதற்கென்று எழுதிய விதி அது. தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குப் போட, முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம். தன் போனில் 33 தடவை ஆள் புகுந்தது பிரெய்ஸாவுக்கு உறுதியானது 2021 டிசம்பரில், வாக்குப்பதிவு முடிந்து இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் கழித்து.