அறுபது நாள் கணக்கு

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், அன்பர் ஒருவர் கடித உறையோடு என்னை அணுகினார். நான் நெடுங்காலம் தொழிற்சங்கப் பணியில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கவாதத்தால் வலக்கை சோர்ந்துபோன ஸ்டோர் கிராணியார் அவர். வேலை செய்ய முடிகிறதா என்று சோதித்தும் பாராமல் நிர்வாகம் ராஜினாமாக் கடிதத்தை நீட்ட, இடக்கையால் கையொப்பமிட்டிருக்கிறார்.

"உடற்குறையுற்றோருக்குச் சட்டம் இருக்கிறதாமே, ஐயா?" என்றார்.

இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் 685ஆவது சட்டம். மற்றவர்களுக்கு நிகரான வேலை உரிமை, சம ஊதியம், தொல்லையிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை அதன் 29ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால், மீறும் முதலாளிக்குத் தண்டனை எதையும் விதிக்காமலேயே அச்சட்டம் இயற்றப்பட்டது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவில் பாலினம் 2001இல் சேர்க்கப்பட்டது. உடற்குறை அப்போது சேர்க்கப்படவில்லை.

வேலையில் இருக்கும்போதே பாகுபாடு காட்டினால், தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் தொழிலாளர் இலாகாவிடம் முறையிடலாம். 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள 69எஃப் பிரிவின்படி, தலைமை இயக்குநர் விசாரித்து ஆணையிடுவார். ஆணையை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

வேலையே போய்விட்டால் கைகொடுப்பது, உடற்குறை பற்றி ஒரு சொல்லும் பேசாத பழைய சட்டம்தான்: 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், 20ஆம் பிரிவு. தக்க காரணமின்றி நீக்கப்பட்டவர் தொழில் உறவு இலாகாவில் மனுச் செய்யலாம். சமரசம் ஏற்படாவிடில் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே, நீக்கியதற்குத் தக்க காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளியே. வற்புறுத்திப் பெற்ற ராஜினாமாவும் பணிநீக்கமாகக் கருதப்படலாம். சங்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, ஓ.கே.யு. அட்டையும் தேவையில்லை. அரசு ஊழியருக்கு இவ்வழி பொருந்தாது.

ஒரே நிபந்தனை: 60 நாள்களுக்குள் மனு சேர வேண்டும்.

உறையிலிருந்த கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். ஆலய நாள்காட்டியில் விரல்விட்டு எண்ணினோம். 71 நாள். நிர்வாகத்துக்கு உருக்கமாக ஒரு மடல் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாராம்.

அன்பர்களில் தொழில் நடத்துவோரும் பலர் உண்டு. சொக்சோவின் 'மீண்டும் வேலைக்கு' திட்டம் 2007 முதல் இருக்கிறது. கடிதத்தை நீட்டுமுன் அங்கே ஒரு தொலைபேசி அழைப்பு விடுக்கலாமே! கிராணியாரின் நிர்வாகம் அதைச் செய்யவில்லை. பிறகு அவரை அங்கே அழைத்துச் சென்றது நான்தான். இயலாமை ஓய்வூதியத்துக்கான பாரத்தை அவர் இடக்கையாலேயே நிரப்பினார்.